மழித்த மறுநாள்

காலில் இருக்கும் முடியைத் தடவிப் பாருங்கள். மெத்தென்று வளைந்து கொடுக்கும். அதையே ரேசரால் மழித்துவிட்டு இரண்டு நாள் கழித்துத் தடவினால் சொரசொரவென்று கையைக் குத்தும். அதே கால், அதே முடி. இடையில் நடந்தது ஒரு மழிப்பு மட்டும்தான்.

"பிளேடு போடாதடி, கட்டை கட்டையா முளைக்கும்" என்று வீட்டுப் பெண்கள் எச்சரிப்பது இந்த அனுபவத்தை வைத்துத்தான். அதே வீட்டில் கைக்குழந்தையைப் பழனிக்கோ சமயபுரத்துக்கோ தூக்கிச் சென்று மொட்டை போடுவார்கள். வேண்டுதல் ஒரு காரணம். "அப்பதான் முடி அடர்த்தியா வரும்" என்பது இன்னொரு காரணம். பிளேடு பட்டால் முடி பலம் பெறும் என்ற ஒரே நம்பிக்கைதான் காலுக்கு வரும்போது பயமாகவும் தலைக்கு வரும்போது ஆசையாகவும் இருக்கிறது.

குத்துவதோடு தொல்லை முடிவதில்லை. அக்குளில் எரிச்சல், தொடையில் அரிப்பு, கழுத்தில் சிவந்த பொரிப்பொரியான கொப்புளங்கள், அவை ஆறியபின் மாதக்கணக்கில் மறையாத கருமை என்று அது நீள்கிறது. வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, கடையில் கிடைக்கும் களிம்பை எல்லாம் பூசிப் பார்ப்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். முடி ஏன் முள்ளாகிறது, தோல் ஏன் எரிகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது பெரும்பாலும் தானாகவே விளங்கிவிடும்.

உயிர் இருப்பது அடியில்

ஒவ்வொரு முடியும் தோலுக்குள் இறங்கும் ஒரு சிறு குழியிலிருந்து வருகிறது. மயிர்க்கால் என்பது இதுதான். தோல்பரப்பிலிருந்து சில மில்லிமீட்டர் ஆழத்தில், இந்தக் குழியின் அடியில் செல்கள் ஓயாமல் பிரிந்து பெருகுகின்றன. புதிய செல்கள் பழையவற்றை மேலே தள்ளுகின்றன. மேலே ஏற ஏற அவை கெரட்டின் என்ற உறுதியான புரதத்தால் நிரம்பி, இறுகி, இறந்துபோகின்றன. தோலுக்கு வெளியே நாம் பார்க்கும் முடி முழுவதும் இறந்த பொருள். அதில் இரத்தமும் இல்லை, நரம்பும் இல்லை.

அப்படியானால், வெளியே நுனியை வெட்டிய செய்தி அடியிலுள்ள செல்களுக்கு எப்படிப் போய்ச் சேரும்? அதற்கு வழியே கிடையாது. முடி எவ்வளவு தடிமனாக வர வேண்டும், என்ன நிறத்தில் வர வேண்டும் என்பதை அடியிலுள்ள செல்களும் அவற்றுக்கு வந்து சேரும் ஹார்மோன்களும் முடிவு செய்கின்றன. பிளேடு அந்த ஆழத்துக்கு இறங்குவதே இல்லை.

முடியில் நரம்பு இல்லாவிட்டாலும் மயிர்க்காலைச் சுற்றி நரம்பு முனைகள் பின்னிக் கிடக்கின்றன. ஓர் எறும்பு முடியில் ஊர்ந்தால்கூட நமக்குத் தெரிவது அவற்றால்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

மயிர்க்கால் ஓயாமல் உழைப்பதும் இல்லை. சில காலம் வளர்க்கும், பிறகு ஓய்வெடுக்கும், பழைய முடியை உதிர்த்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். தலைமுடியின் வளர்பருவம் 2 முதல் 6 ஆண்டுகள். கால், கை முடிகளுக்கு அது சில மாதங்களே. கால்முடி எத்தனை ஆண்டு விட்டாலும் தலைமுடி அளவுக்கு நீளாததற்குக் காரணம் இந்தக் குறுகிய பருவம்தான்.

அளந்து பார்த்தவர்கள்

நம்பிக்கை பழையது என்பதால் அதைச் சோதித்துப் பார்த்தவர்களும் பழையவர்களே. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உடற்கூறியல் அறிஞர் மில்ட்ரெட் ட்ராட்டர் 1928ல் தம் முடிவுகளை வெளியிட்டார். குறிப்பிட்ட முறைப்படி மழித்துவந்த ஆண்களின் முகமுடியைச் சேகரித்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். மழிப்பதால் முடியின் நிறமோ தடிமனோ வளரும் வேகமோ மாறவில்லை. (எலும்பின் நீளத்தைக் கொண்டு ஒருவரின் உயரத்தைக் கணிக்கும் முறைக்காகப் பின்னாளில் உலகப்புகழ் பெற்றவர் இவர்தான். இரண்டாம் உலகப்போரில் இறந்த வீரர்களை அடையாளம் காண அந்த வேலை உதவியது.)

1970ல் லின்ஃபீல்ட், மக்வில்லியம்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இன்னும் எளிய ஒரு சோதனையைச் செய்தார்கள். ஐந்து இளைஞர்கள் பல மாதங்களுக்கு வாரம் ஒருமுறை ஒரு காலை மட்டும் மழித்தார்கள். மற்றக் கால் ஒப்பீட்டுக்காக அப்படியே விடப்பட்டது. இரண்டு கால்களுக்கும் ஒரே உடம்பு, ஒரே சாப்பாடு, ஒரே ஹார்மோன். முடியின் தடிமன், வளர்ச்சி வேகம், மொத்த எடை எதிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இந்தச் சோதனையின் அழகே, ஆளுக்கு ஆள் வேறுபடும் எல்லாவற்றையும் அது ஒரே வீச்சில் ஒதுக்கிவிட்டதுதான்.

பிறகு ஏன் இத்தனை பேர் தங்கள் கண்ணால் கண்டதாகச் சொல்கிறார்கள்? காலம் ஒத்துப்போவதால். பையன்கள் மழிக்கத் தொடங்குவது பதின்வயதில். பூனைமுடி தடித்துக் கருத்த முடியாக மாறுவதும் அதே வயதில்தான். பிளேடைத் தொட்டிருக்காவிட்டாலும் அது மாறியிருக்கும். குழந்தைக்கும் இதுதான். பிறக்கும்போது இருக்கும் மென்முடி முதல் சில மாதங்களில் தானாக உதிர்ந்து, அடுத்து வருவது படிப்படியாகத் தடிமனாகிறது. மொட்டை அடிப்பதும் ஏறக்குறைய அந்த நேரத்தில் நடப்பதால் பெயர் மொட்டைக்குப் போய்விடுகிறது.

தேய்ந்த துடைப்பம்

ஆனால் கையில் குத்துவது கற்பனை இல்லை. மழித்தபின் முளைத்து நிற்கும் இந்தக் குட்டைமுடியை முள்முடி என்று அழைப்போம். அது உண்மையிலேயே விறைப்பானது. முடி தடிக்காமலே விறைப்பு எப்படி வந்தது?

புதிதாகக் கட்டிய தென்னந்துடைப்பத்தை உள்ளங்கையில் தட்டிப் பாருங்கள். ஈர்க்குகளின் நுனி வளைந்து கொடுக்கும், வலிக்காது. அதே துடைப்பம் ஓராண்டு தேய்ந்து குட்டையானபின் தட்டினால் சுருக்கென்று குத்தும். ஈர்க்கு தடிக்கவில்லை. மெலிந்த நுனி தேய்ந்துபோய், அடிப்பகுதி மட்டும் குட்டையாக நிற்கிறது. முள்முடியிலும் இதே இரண்டு மாற்றங்கள்தான் நடக்கின்றன. நீளம் குறைகிறது, மெல்லிய நுனி போகிறது.

ஒரு கால்முடியை எடுத்துக்கொண்டு கணக்கைப் போடுவோம். எளிமைக்காக அது நாளொன்றுக்குக் கால் மில்லிமீட்டர் வளர்வதாக வைத்துக்கொள்வோம். ஞாயிறு காலை தோலோடு தோலாக மழித்தாயிற்று. இரண்டாம் நாள் அரை மில்லிமீட்டர். நான்காம் நாள் 1 மில்லிமீட்டர். எட்டாம் நாள் 2. பதினாறாம் நாள் 4.

ஒரு முனை பதிந்து நிற்கும் குச்சியின் மறுமுனையைப் பக்கவாட்டில் தள்ளுவதற்குப் பொறியாளர்கள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். குச்சியின் நீளம் பாதியானால், அதே அளவு தள்ளுவதற்கு எட்டு மடங்கு விசை வேண்டும். இதை நம் முடிக்குப் பொருத்துவோம். பதினாறாம் நாள் முடியை வளைக்க ஒரு பங்கு விசை போதுமென்றால், எட்டாம் நாள் முடிக்கு 8 பங்கு வேண்டும். நான்காம் நாள் முடிக்கு 64 பங்கு. இரண்டாம் நாள் முடிக்கு 512 பங்கு. முடியின் தடிமன் ஒரு துளியும் கூடவில்லை. நீளம் ஒன்றே இவ்வளவையும் செய்துவிட்டது. தோலுக்குள் பதிந்திருக்கும் பகுதியும் கொஞ்சம் அசைந்து கொடுக்கும் என்பதால் உண்மையான உடம்பில் எண்கள் இவ்வளவு கச்சிதமாக வராது. ஆனாலும் போக்கு இதுதான்.

இனி நுனி. வெட்டுப்படாமல் வளர்ந்த முடி நுனியை நோக்கி மெலிந்துகொண்டே போகும். தடிமன் பாதியானால் விறைப்பு பதினாறில் ஒரு பங்காகிவிடும். நாம் தடவும்போது கையில் முதலில் படுவது அந்த மெலிந்த நுனி, அதனால் மெத்தென்று இருக்கிறது. பிளேடு அதை நீக்கிவிட்டு, முடியின் முழுத்தடிமனையும் ஒரு வெட்டுமுகமாக நிறுத்திவிடுகிறது. பிளேடு சாய்வாகப் பட்டிருந்தால் அந்த முகத்துக்கு ஒரு கூரிய விளிம்பும் இருக்கும். இந்தக் குட்டையான விறைத்த முடியை ஆடை உரசும்போது அது வளையாமல் அசைவை அப்படியே அடியிலுள்ள நரம்பு முனைகளுக்குக் கடத்துகிறது. மழித்த இரண்டாம், மூன்றாம் நாள் அரிப்பில் பெரும்பங்கு இதுதான்.

பார்வைக்கும் அது கருமையாகத் தெரியும். வெயில்பட்டு வெளுத்த நுனி போய்விட்டது, வெயில் படாத அடிப்பகுதிதான் இப்போது மேலே வந்திருக்கிறது.

இந்தக் கணக்கிலிருந்து ஒரு நல்ல செய்தியும் கிடைக்கிறது. மழிப்பதை நிறுத்திவிட்டால், வெட்டுப்பட்ட முடிகள் தம் பருவம் முடிந்து உதிர்ந்து, புதிய மெல்லிய நுனியோடு வேறு முடிகள் வரும். கால், கைகளில் சில மாதங்களுக்குள் பழைய மென்மை திரும்பிவிடும். ஒருமுறை பிளேடு பட்டால் வாழ்நாள் முழுக்க இப்படித்தான் என்று பயப்பட வேண்டியதில்லை.

பிளேடு முடியை மட்டும் வெட்டுவதில்லை

தோலின் ஆக வெளியே இறந்த செல்கள் நெருக்கமாக அடுக்கப்பட்ட ஓர் அடுக்கு இருக்கிறது. உடம்பின் பெரும்பகுதியில் அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறாமலும் வெளியே இருக்கும் கிருமி உள்ளே நுழையாமலும் காப்பது இதுதான். இதைக் காப்படுக்கு என்று சொல்லலாம். பிளேடு முடியோடு சேர்த்து இந்தக் காப்படுக்கையும் ஆங்காங்கே சீவிக்கொண்டு போகிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வெட்டுகள் விழுகின்றன. உடனே உடம்பு அங்கே இரத்த ஓட்டத்தைக் கூட்டி, அழற்சியைத் தொடங்குகிறது. சிவப்பும் சூடும் எரிச்சலும் அதன் வெளிப்பாடுகள்.

பிளேடு மழுங்கினால் கேடு கூடும். மென்மையான முடி எஃகை எப்படி மழுக்கும்? எஃகு முடியைவிட ஏறக்குறைய 50 மடங்கு கடினமானது. இதை 2020ல் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் சயின்ஸ் இதழில் விளக்கினார்கள். அவர்களில் ஒருவர் தாம் மழித்துக்கொண்ட பிளேடுகளை ஒவ்வொரு முறையும் மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். விளிம்பு சீராகத் தேய்ந்து உருண்டையாகும் என்று நினைத்த இடத்தில், துணுக்குத் துணுக்காகப் பெயர்ந்திருந்தது. முடி வளைந்து சாய்வாகப் படும்போது, எஃகின் உள்ளமைப்பு சீரற்றிருக்கும் இடங்களில் விளிம்பு உடைகிறது. அப்படிப் பல்லுப் பல்லாகப் போன பிளேடு முடியைச் சரியாக அறுப்பதில்லை. இழுக்கிறது. அறுபடாத முடிக்காக நாம் மேலும் அழுத்துகிறோம், அதே இடத்தில் நான்கைந்து முறை ஓட்டுகிறோம். காப்படுக்கு தாங்குமா?

இதற்கு மிக மலிவான மருந்து தண்ணீர். முடி தன் எடையில் ஏறக்குறைய 30 விழுக்காடு அளவுக்கு நீரை உறிஞ்சிக்கொள்ளும். நீர் புகுந்ததும் கெரட்டின் இழைகளுக்கு இடையிலுள்ள பிணைப்புகள் தளர்ந்து முடி மென்மையாகிறது, அறுக்க வேண்டிய விசை பெரிதும் குறைகிறது. வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று நிமிடம் நனைந்தாலே போதும். குளித்து முடிக்கும்போது மழிப்பது நல்லது என்று சொல்வது இதனால்தான். சோப்பு நுரையோ ஜெல்லோ முடிமீதிருக்கும் எண்ணெய்ப்பசையை நீக்கி நீர் புக வழிவிடும், பிளேடு வழுக்கிச் செல்லவும் உதவும். வறண்ட தோலில் அவசரத்துக்கு ரேசரை ஓட்டுவதுதான் நான் அறிந்தவரை எல்லாத் தவறுகளிலும் பெரிய தவறு.

மழித்தபின் பூசும் ஆஃப்டர்ஷேவ் லோஷன் சுரீரென்று எரிவதைக் கிருமி சாவதன் அடையாளம் என்று பலர் நினைக்கிறார்கள். தோலின் நரம்பு முனைகளில் சூட்டை உணரும் ஒரு புரதம் இருக்கிறது, மிளகாயின் காரத்தை உணர்வதும் அதே புரதம்தான். சாதாரணமாக அது விழித்துக்கொள்ள 42 டிகிரி செல்சியஸ் அளவு சூடு வேண்டும். ஆல்கஹால் பட்டால் அந்த வரம்பு ஏறக்குறைய 34 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. நம் தோலே அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. ஆக, நம் உடம்புச் சூடே நமக்குத் தீச்சுடராகப் படுகிறது. எரிச்சலால் எந்த நன்மையும் இல்லை, ஆல்கஹால் தோலை மேலும் உலர்த்தும். முடிதிருத்தகங்களில் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் படிகாரக்கட்டி சிறு வெட்டுகளின் இரத்தக்கசிவை நிறுத்த நல்லது. ஆனால் ஒருவருக்குத் தேய்த்த கட்டியை அடுத்தவருக்குத் தேய்க்கக்கூடாது. அங்கே இரட்டைமுனை பிளேடை உறையோடு நடுவில் ஒடித்து, பாதியைக் கத்தியில் செருகுவார்கள். அதை உங்கள் கண்ணெதிரே ஒடிக்கிறாரா என்று பாருங்கள். ஹெபடைட்டிஸ் பி பரவும் வழிகளில் பகிர்ந்த பிளேடும் ஒன்று.

உள்நோக்கித் திரும்பும் முடி

மழித்துச் சில நாள் கழித்து வரும் கொப்புளங்களின் கதை வேறு. 1956ல் ஸ்ட்ராஸ், கிளிக்மன் என்ற தோல் மருத்துவர்கள் தாடிப்பகுதியில் வரும் இந்தக் கொப்புளங்களை விரிவாக விளக்கினார்கள். கிருமித்தொற்று போலத் தெரிந்தாலும் அடிப்படைக் காரணம் கிருமி இல்லை, முடிதான். சுருள்முடி தோலை விட்டு வெளியே வந்ததும் வளைந்து, பக்கத்திலேயே தன் கூர்நுனியால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். சில முடிகள் வெளியே வரவே செய்யாமல், மயிர்க்காலின் சுவரை உள்ளிருந்தே துளைத்துவிடும். இதை உள்வளர்முடி எனலாம். தன் சொந்த முடியாக இருந்தாலும், இருக்கக்கூடாத இடத்தில் அதைக் கண்டால் உடம்பு அந்நியப் பொருளாகவே நடத்துகிறது. வெள்ளணுக்கள் திரண்டு சீழ்க்கொப்புளம் உண்டாகிறது.

ஆப்பிரிக்க வம்சாவளி ஆண்களுக்கு இது மிக அதிகம். அமெரிக்க ராணுவத்தில் முகத்தை முழுதாக மழித்தாக வேண்டும் என்ற விதிக்கும் கருப்பின வீரர்களின் தோலுக்கும் இடையே பல பத்தாண்டுகளாக மோதல் நடப்பது இதனால்தான். நம்மிடையே முகமுடி சுருண்டவர்களுக்குக் கழுத்திலும், ஏறக்குறைய எல்லோருக்குமே முடி சுருண்டிருக்கும் அக்குளிலும் அந்தரங்கப் பகுதியிலும் இது வரும்.

இங்கேதான் நாம் ஆசைப்படும் வழவழப்பு நமக்கே எதிராகத் திரும்புகிறது. 1971ல் ஜில்லெட் நிறுவனம் இரண்டு பிளேடுகள் கொண்ட ட்ராக் டூ ரேசரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இப்போது ஐந்து பிளேடு கொண்டவையும் வந்துவிட்டன. முதல் பிளேடு முடியைப் பற்றிச் சற்றே வெளியே இழுக்கிறது, அது பின்வாங்கும் முன் அடுத்த பிளேடு அறுக்கிறது. மீதி முடி தோல்மட்டத்துக்குக் கீழே போய்விடுகிறது. தடவினால் அற்புதமான வழவழப்பு. ஆனால் கூராக வெட்டப்பட்ட சுருள்முடி ஒன்று தோலுக்கு அடியிலிருந்து வெளியே வர வழி தேடுகிறது. தோலை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, முடி வளரும் திசைக்கு எதிராக ரேசரை ஓட்டினாலும் இதே விளைவுதான்.

கொப்புளம் வந்துவிட்டால் முதல் வேலை மழிப்பதை நிறுத்துவது. நான்கு வாரமாவது விட்டால், முடி நீண்டு தன் இழுப்பாலேயே பெரும்பாலும் வெளியே வந்துவிடும். தோலுக்கு மேலே வளையமாகத் தெரியும் முடியைச் சுத்தம் செய்த ஊசிமுனையால் மெதுவாக நிமிர்த்திவிடலாம். பிடுங்கக்கூடாது. பிடுங்கினால் அடுத்து வருவதும் உள்ளேயே சிக்கும். தெரியாத முடியைத் தேடித் தோலைக் கிளறவும் கூடாது.

கரைப்பதும் பிடுங்குவதும்

முடிநீக்கும் கிரீம்களில் பொதுவாக இருப்பது தயோகிளைகோலேட் உப்புகள். கெரட்டினைக் கெட்டியாக்கும் கந்தகப் பிணைப்புகளை அவை அறுக்கின்றன. அந்த அழுகல் வாடை கந்தகத்தால் வருவது. முடியின் நுனி வெட்டுமுகமாக நிற்காமல் மழுங்கி விடுவதால், திரும்பி முளைக்கும்போது குத்தல் குறைவு. ஆனால் தோலின் காப்படுக்கும் கெரட்டினால் ஆனதே. முடியில் கந்தகப் பிணைப்பு அதிகம் என்பதால் முடி முதலில் கரைகிறது, அவ்வளவுதான். குறித்த நிமிடத்துக்கு மேல் விட்டால் அடுத்தது தோல். உறையில் எழுதியிருக்கும் நேரத்தை மீறவே கூடாது. முதன்முறை பயன்படுத்துகிறவர்கள் முந்தின நாளே கையில் ஒரு சிறு இடத்தில் பூசிப் பார்க்க வேண்டும்.

ஆம்பூர், இராணிப்பேட்டை தோல் பதனிடும் ஆலைகளில் ஆட்டுத்தோல், மாட்டுத்தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்பையும் சோடியம் சல்ஃபைடையும் பயன்படுத்துவதும் அதே கந்தக வேதியியல்தான். மேற்காசியக் குளியல் கூடங்களில் பழங்காலத்தில் அரிதாரத்தையும் சுட்ட சுண்ணாம்பையும் குழைத்துப் பூசினார்கள். அரிதாரத்தில் கந்தகத்தோடு ஆர்சனிக் நஞ்சும் உண்டு. அந்தப் பழைய பக்குவங்களை யாரும் வீட்டில் முயன்று பார்க்க வேண்டாம்.

வேக்சிங்கும் த்ரெடிங்கும் முடியை அடியோடு பிடுங்குகின்றன. சில வாரங்கள் கழித்து வரும் முடி மெல்லிய நுனியோடு வருவதால் முள்முடித் தொல்லை இருக்காது. ஆனால் பிடுங்கும்போது சில முடிகள் தோலுக்கு உள்ளேயே ஒடிந்துவிடும், அவை உள்வளர்முடியாகலாம். திறந்துகிடக்கும் மயிர்க்கால்களில் அன்று வியர்வையும் இறுக்கமான ஆடையும் உரசினால் கொப்புளம் நிச்சயம். முகப்பருவுக்காக ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வேக்சிங் செய்யவே கூடாது. மெழுகோடு தோலும் உரிந்து வரும். மாத்திரையை நிறுத்திய பின்னும் சில மாதங்கள் காத்திருக்க வேண்டும்.

நம் தோலும் கருமையும்

வெள்ளைத் தோலில் அழற்சி ஆறினால் சிவப்பு மறையும். நம்மைப் போன்ற மாநிறத்தவருக்கும் கருநிறத்தவருக்கும் அழற்சியே நிறமிச் செல்களைத் தூண்டிவிடுகிறது. கொப்புளம் ஒரு வாரத்தில் ஆறும், அது விட்டுச்செல்லும் கருமை மாதக்கணக்கில் நிற்கும். அந்தக் கருமையைப் போக்க எலுமிச்சையைத் தேய்ப்பதும் பேக்கிங் சோடாவைப் பூசுவதும் பரவலாக நடக்கிறது. எலுமிச்சைச்சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்பளித்து மேலும் கறுக்கும். சோடா காரத்தன்மை உடையது, அமிலச்சார்பான நம் தோலுக்கு அது பகை. கடைகளில் கேட்டவுடன் கிடைக்கும் பெட்டமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற வலுவான ஸ்டீராய்டு களிம்புகளை அக்குளிலும் தொடை இடுக்கிலும் பூசுவது இவை எல்லாவற்றையும்விட மோசம். மெல்லிய தோல் அங்கே இன்னும் மெலிந்து வரிவரியாகக் கிழியும். கருமைக்கு உண்மையான மருந்து புதிய அழற்சி வராமல் பார்த்துக்கொள்வதுதான். மீதியைக் காலம் செய்யும்.

கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்து, வெல்வெட் துணியாகத் தடித்திருந்தால் அது மழிப்பால் வந்ததாக இருக்காது. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அறிகுறியாக இருக்கலாம். களிம்பு வாங்குவதை விட்டுச் சர்க்கரை அளவைச் சோதியுங்கள்.

குளியலறைக்கு

முடியை நீக்கியே ஆக வேண்டும் என்று எந்த மருத்துவ நூலிலும் இல்லை. நீக்குவது அவரவர் விருப்பம். நீக்குவதென்றால் என் பரிந்துரை ட்ரிம்மர்தான். தோலைத் தொடாமல் அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டும் அந்தச் சிறு கருவி உள்வளர்முடியை ஏறக்குறைய இல்லாமல் செய்துவிடும். அக்குளுக்கும் அந்தரங்கப் பகுதிக்கும் அதைவிடப் பொருத்தமானது வேறில்லை. முழு வழவழப்பு கிடைக்காது என்பது மட்டும்தான் குறை.

ரேசர்தான் வேண்டுமென்றால் நனைத்து, நுரைபூசி, முடி வளரும் திசையிலேயே, அழுத்தாமல், ஒரே ஓட்டில் மழியுங்கள். அக்குளில் முடி பல திசைகளில் வளரும், தடவிப் பார்த்துத் திசையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்றிரண்டு பிளேடு உள்ள ரேசரே போதும். இழுக்கத் தொடங்கிய பிளேடை அன்றே மாற்றுங்கள், ஈரமான குளியலறையிலேயே போட்டு வைக்காதீர்கள். முடிந்ததும் குளிர்ந்த நீரில் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி, வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் பூசலாம். தேங்காயெண்ணெயும் நல்லதே, முகப்பரு வரும் இடங்களைத் தவிர. டியோடரன்ட்டை மறுநாளைக்குத் தள்ளிவையுங்கள். அன்று பருத்தி ஆடை அணிவது நல்லது.

இவ்வளவு செய்தும் அடங்காதவர்களுக்கு லேசர் உண்டு. முடியிலுள்ள கருநிறமி ஒளியை உறிஞ்சிச் சூடாகி மயிர்க்காலைச் சிதைக்கும் என்பது அதன் தத்துவம். ஆண்டர்சன், பேரிஷ் என்ற இருவர் 1983ல் வகுத்த கொள்கை அது. நம் தோலிலும் அதே நிறமி இருப்பதால் தவறான கருவியைத் தேர்ந்தெடுத்தால் தோலே வெந்துபோகும். 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசர் கருந்தோலுக்குப் பாதுகாப்பானது. அழகு நிலையத்தில் உட்காரும் முன், தோல் மருத்துவரிடம் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெண்களுக்கு மோவாயிலும் மார்பிலும் புதிதாகத் தடித்த முடி வந்து, மாதவிடாயும் ஒழுங்கு தவறினால், எப்படி நீக்குவது என்று யோசிக்கும் முன் ஹார்மோன் சோதனைக்குப் போக வேண்டும்.

கடைசியாக ஒன்று. அறுவை சிகிச்சைக்கு முதல்நாள் இரவு மழித்துவிட்டு வரச் சொல்வது நம் ஊரில் இன்னும் நடக்கிறது. 1971ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ரேசரால் மழிக்கப்பட்ட நோயாளிகளில் 5.6 விழுக்காட்டினருக்குக் காயத்தில் தொற்று வந்தது. மழிக்காதவர்களிலும் கிரீமால் நீக்கியவர்களிலும் அது 0.6 விழுக்காடு மட்டுமே. பிளேடு விட்டுச்சென்ற நுண்வெட்டுகளில் கிருமிகள் இரவு முழுக்கப் பெருகுகின்றன. அறுவை சிகிச்சைக்கு முன் முடியை நீக்க வேண்டாம், நீக்கியே தீர வேண்டுமென்றால் கிளிப்பரால் மட்டும் நீக்குங்கள், மழிக்கவே கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2016ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. பிரசவத்துக்கு முன் வழக்கமாக மழிப்பதையும் அது பரிந்துரைப்பதில்லை. உங்களையோ உங்கள் வீட்டாரையோ மருத்துவமனையில் அனுமதிக்கும்போது "மழித்துவிட்டு வாருங்கள்" என்று யாராவது சொன்னால், கிளிப்பரால் அங்கேயே செய்ய முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள்.